சீட்டில் தன் பெயரைச் சொன்னவர்

மலையிலிருந்து ஒரு அழைப்பு வரும் என்று நான் மூன்று ஆண்டுகளாகப் பயந்துகொண்டிருந்தேன். ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் வகுப்பில்கூடக் கைப்பேசியை அணைக்க மாட்டேன். என் மாணவி கோகிலா போய்விட்டாள் என்று யாராவது சொல்வார்கள், அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்பதுதான் என் பயம். மழை முடிந்து, பனி முடிந்து, வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடுவேன். அப்படி மூச்சு விட்டிருந்த ஒரு கோடைக் காலையில், விடைத்தாள் கட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தபோது அழைப்பு வந்தது. பேசியது கோகிலாவேதான். "மேடம், அம்மா எறந்துட்டாங்க" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. நாங்கள் எல்லோரும் ஒரு வாசலையே பார்த்துக் காவல் இருந்தோம், அது இன்னொரு வாசல் வழியாக வந்து போயிருக்கிறது என்று தோன்றியது.

கோகிலாவின் அம்மா பாவாயி அக்காவை நம் கல்லூரியில் பலருக்குத் தெரியும். அலுவலக வராந்தாவில் நின்றுகொண்டே பேசும் குள்ளமான மனுஷி. உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய குரல். மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி வருவார். மிளகும் மரவள்ளியும் போட்ட கொஞ்ச நிலம் அவர் பொறுப்பு. கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வாட்ச்மேன் முதல் முதல்வர் வரை எல்லோரும் அவருக்கு 'சாமி'. என்னை மட்டும் 'டீச்சரு' என்பார். காலேஜில் டீச்சர் கிடையாது அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். "பாடஞ் சொல்லிக் குடுத்துட்டு அதட்டுனா டீச்சருதானுங்க" என்று முடித்துவிட்டார்.

அதட்டுவதில் நான் குறை வைத்ததில்லை. வணிகவியல் துறையில் இருக்கும் என் தலையில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பொறுப்பைக் கட்டியதற்குக் காரணமே என் கண்டிப்புதான். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர ஒரு ஆள், கீழ்த்தளத்தில் வகுப்பு, வருகைப்பதிவில் தளர்வு, எது வேண்டுமானாலும் அரசு மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழ் வேண்டும். இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை. அதை நான் நன்றாகவே செய்துவந்தேன்.

முதலாண்டில் கோகிலாவின் வருகைப்பதிவு பாதியைத் தாண்டவில்லை. வந்தால் நன்றாகப் படிப்பாள், பத்து நாள் காணாமல் போவாள், கேட்டால் தலை குனிவாள். பெற்றோரை அழைத்துவரச் சொன்னேன். பாவாயி அக்கா வந்தார். நாற்காலியைக் காட்டினேன். "உக்காந்தா பேச்சு நீளுமுங்க" என்று நின்றார். பெண்ணுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், திறந்திருந்த ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறா. சீக்கெல்லாம் எனக்குத்தானுங்க." ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. பொய் சொல்கிறார் என்று மட்டும் அப்போது புரிந்தது. யாரிடம் சொல்கிறார் என்று புரியவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கோகிலா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தளத்தில் அவளுக்கு வகுப்பு. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் முனகினாள். கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. உடன் பணிபுரியும் ஒருவர், இன்றைக்கு இவளுக்கு உள்தேர்வு இருக்கிறது என்றார். நடிக்கிறாள் என்பதை நாகரிகமாகச் சொன்னார். நான் அவளைத் தொட்டுப் பார்த்தேன். நடிக்கிறவர்களின் உடம்பு அப்படி விறைக்காது. ஆட்டோ பிடித்து மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

நான் எதிர்பார்க்காதது மதியம் நடந்தது. மலையிலிருந்து இறங்கி ஓடிவந்த பாவாயி அக்கா, படுக்கையில் கிடந்த மகளைப் பார்ப்பதற்கு முன் என்னிடம் கேட்டார்: "சீட்டு யாரு பேர்லங்க போட்டீங்க?"

"கோகிலா பேர்லதாங்க அக்கா."

அவர் முகத்தில் இருந்த ரத்தம் இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். நேராகச் சீட்டுப் போடும் ஜன்னலுக்குப் போனார். தன் பெயரைப் போட்டுத் தரச் சொல்லி அங்கிருந்த பையனிடம் மன்றாடினார், பிறகு சண்டை போட்டார். நோயாளியின் பெயரைத்தானே போட முடியும் என்று அவன் கேட்டான். "நோயாளி நாந்தாஞ் சாமி, நல்லாப் பாத்துக்கோ" என்று ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் வெட்கத்தில் தலை குனிந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டர் விளக்கினார். வட்டமாக இருக்க வேண்டிய ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிறது. நுண்ணிய குழாய்களில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. குளிர், தாகம், அலைச்சல் எதுவும் அதைக் கிளப்பிவிடும். பிறவியிலேயே வருவது. உயிருக்கு எப்போது ஆபத்து என்று சொல்ல முடியாது. சட்டப்படி இது ஒரு மாற்றுத்திறன், சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள் என்றார். அவர்கள் வீட்டில் இதற்குப் பெயரே கிடையாது. 'அது' என்றுதான் சொல்வார்கள். அது வந்திருக்குது, அது போயிருச்சு, இந்தத் தடவ அது சீக்கிரமா வந்துருச்சு. வீட்டு ஆள் ஒருவரைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

விண்ணப்பித்தோம். மருத்துவக் குழு ஒன்றைக் கேட்டது. நோய் இருக்கிறது என்று இன்றைய ரத்தம் சொல்லும், அது இவளை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்று பழைய சீட்டுகள்தான் சொல்ல வேண்டும். எப்போதெல்லாம் படுத்தாள், எப்போதெல்லாம் ரத்தம் ஏற்றினார்கள் என்பதைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் காரியம் நின்றுபோகும், ஏனென்றால் யாரும் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதில்லை. பாவாயி அக்காவிடம் கேட்டேன். "எல்லாம் இருக்குதுங்க. ஒண்ணு விடாம வெச்சிருக்கறேன்" என்றார். நான் மகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உருவிக்கொண்டார். "ஆனா அத்தனையும் என் பேர்லங்க, டீச்சரு."

ஆதார் கேட்காத காலத்திலிருந்தே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஒவ்வொரு முறையும் அவர் ஜன்னலில் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். வயதை மட்டும் மகளுடையதைச் சொல்வார், மருந்தின் அளவு மாறிவிடக் கூடாதே என்று. பாவாயி, வயது ஏழு. பாவாயி, வயது பன்னிரண்டு. எந்த மருத்துவக் குழு இதை ஏற்கும்? இந்தச் சீட்டுகளில் இருப்பது தன் மகள்தான் என்று அவரே உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். அது இல்லாமல் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் வருகைப்பதிவில் தளர்வு கிடையாது. தளர்வு இல்லாமல் கோகிலா தேர்வு எழுத முடியாது, படிப்பு அந்த ஆண்டோடு முடிந்துவிடும்.

பேசிப் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை மலையேறினேன். மேகமூட்டத்தில் பகலிலேயே முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. வளைவுக்கு வளைவு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மேகம் இறங்கி அந்த மரங்களின் கால் மட்டும்தான் தெரிந்தது. கோகிலா ஸ்வெட்டரும் கம்பளியுமாக அடுப்பங்கரையில் இருந்தாள். பாவாயி அக்கா என்னை வாசலில் நிறுத்தி, "உள்ள வெச்சு அவ பேரச் சொல்லாதீங்க. பாப்பான்னு சொல்லுங்க போதும்" என்றார். அந்தப் பெண்ணுக்கு அவளுடைய வீட்டிலேயே பெயர் இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காரணத்தையும் அன்றுதான் சொன்னார். கோகிலாவுக்கு முன்னால் ஒரு பையன். அவனுக்கும் இதே வலி. முதல் முறையாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது சீட்டில் அவன் பெயரைச் சொன்னாராம். "நர்ஸம்மா திரும்பத் திரும்ப அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுதுங்க. கத்திக் கத்திக் கூப்பிட்டுது. நான் பாலு வாங்க வெளிய போயிருந்தேன், கேக்கல. எனக்குக் கேக்கல, அதுக்குக் கேட்டிருச்சு. வந்து கூட்டிக்கிட்டுப் போயிருச்சு." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டியது போலச் சொன்னார். ஊரில் எல்லோரும் இப்படிப் பெயர் மாற்றிச் சொல்வார்களா என்று கேட்டேன். "எல்லாரும் இல்லீங்க. எங்க ஊட்டுல மட்டுந்தான். நாங்கதான கண்டோம்" என்றார்.

நான் வாதாடினேன். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எத்தனையோ பேரைக் கூப்பிடுகிறார்கள், எல்லோருமா போய்விடுகிறார்கள்? பெயரில் என்ன இருக்கிறது?

"ஒண்ணுமில்லீங்களா?" என்றார். "அப்புறம் உங்க காலேஜுல எதுக்குங்க தெனமும் பேரு வாசிக்கறீங்க? பேரக் கூப்பிட்டா எந்திரிச்சு வந்தேன்னு சொல்றதுக்குத்தான?"

அவரே பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க கேக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா? இத்தன வருசமா எம்மேல ஏத்தி வெச்சிருந்தத, எறக்கி அவ மேல வெக்கச் சொல்றீங்க. அதையும் என் கையெழுத்துல."

அடுப்பங்கரையிலிருந்து கோகிலா பேசினாள். "அம்மா, நான் பரீட்ச எழுதணும்." அவ்வளவுதான். வெளியே மேகம் இன்னும் இறங்கிக் கதவு வரை வந்திருந்தது. பாவாயி அக்கா போய்க் கதவைச் சாத்தினார். கதவில் வைத்த கையை எடுக்காமல், "சரி, கண்ணு. ஆனா இங்க வேண்டாம். கீழ, நடு மத்தியானம், நல்ல வெயில்ல வெச்சுப் போடறேன்" என்றார்.

அப்படியே செய்தார். நோட்டரி வக்கீலின் அறைக்குள் நுழைய மறுத்து, தெருவில் வெயிலில் நின்று, ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். போட்டு முடித்ததும் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கும் ஒரு சர்டிபிகேட்டு வாங்கோணுங்க டீச்சரு, கோவத்துக்கு. நூத்துக்கு நூறு போடுவாங்க" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மருத்துவக் குழுவின் டாக்டர் நல்ல மனிதர். பத்திரத்தைப் படித்தார், சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், சிரிக்கவில்லை. தாயின் ரத்தத்தையும் சோதித்தார். "உங்ககிட்டயும் இது பாதி இருக்குதும்மா. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் பாதி இருக்கும். உங்க ரெண்டு பேரையும் அது ஒண்ணும் பண்ணாது. ரெண்டு பாதியும் சேந்து பொண்ணுகிட்ட முழுசா வந்துருச்சு" என்றார். தன் பெயரைக் கொடுத்து மகளை மறைத்துவைத்திருந்தவருக்கு, மகளுக்கு அதைக் கொடுத்ததே தன் ரத்தம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அவரைப் பார்க்கப் பயந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவர் மலை தெரியும் பக்கமாகத் திரும்பி நின்று, பழைய அந்தப் பெரிய குரலில் சொன்னார்: "குடுத்தவ நானுன்னா, திருப்பிக் குடுன்னு கேக்கற பாத்தியதையும் எனக்குத்தானுங்க." என்னிடம் சொல்வது போலத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சொல்லவில்லை.

சான்றிதழ் வந்தது. தற்காலிகமானது, இறுதியாண்டில் மறுபடி பரிசோதனை என்று போட்டிருந்தார்கள். கோகிலாவின் வகுப்பு கீழ்த்தளத்துக்கு மாறியது. தேர்வறையில் தண்ணீர் பாட்டிலும் கூடுதல் நேரமும் இடையில் எழுந்து நடக்க அனுமதியும் கிடைத்தன. முதலாண்டுத் தேர்வை எழுதித் தேறினாள். நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த மழையில் வந்த வலி, அதற்கு முன் வந்த எதையும்விட மோசமாக இருந்தது. செயற்கைச் சுவாசம் வைக்கும் அளவுக்குப் போய்த் திரும்பினாள். பாவாயி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "அது அவளக் கண்டுபுடிச்சிருச்சுங்க" என்றார். நான் மழையைச் சொன்னேன், குளிரைச் சொன்னேன், அவள் தண்ணீர் சரியாகக் குடிக்காததைச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். "உங்களச் சொல்லலீங்க. நீங்க வெசனப்படாதீங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் என் கைப்பேசி அணையவில்லை.

போன மார்கழியில் அவருக்கு இருமல் பிடித்தது. மாசியில் மகளை மறுபரிசோதனைக்கு அழைத்துவந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். மாவட்ட மருத்துவமனை வராந்தாவில், துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். எலும்பு அதிரும் இருமல். கோகிலா உள்ளே டாக்டர்கள் முன் இருந்தாள். சீட்டுப் போடும் ஜன்னல் எங்களுக்கு எதிரிலேயே இருந்தது.

"அக்கா, இங்கயேதான இருக்கறோம். ஒரு சீட்டப் போட்டுக் காட்டிட்டுப் போலாம், வாங்க" என்றேன்.

"இன்னைக்குங்களா? அவ பேப்பரெல்லாம் உள்ள இருக்கறப்பவா?" என்று பதறினார். "மறுபடியும் பாவாயின்னு ஒரு சீட்டு இந்த ஆஸ்பத்திரியில வந்துதுன்னா என்ன கேப்பாங்க? அன்னைக்கு மகளுக்குன்னு எழுதிக் குடுத்த, இன்னைக்கு நீயே வந்து நிக்கற, நெசமா சீக்கு யாருக்குன்னு கேப்பாங்க. அவ சர்டிபிகேட்ட நிறுத்திப் போடுவாங்க. பரீட்ச முடியட்டுங்க."

அப்படியெல்லாம் ஆகாது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, வேண்டுமானால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னேன், கோபித்தேன், கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் சரி என்று பொருள் இல்லை, பேச்சு முடிந்தது என்று பொருள். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. அன்று பஸ் ஏறும்போது அவருக்குப் படிக்கட்டில் கால் எட்டவில்லை. கண்டக்டர் கை கொடுத்தார். மிளகும் தூதுவளையும் போட்டுக் கஷாயம் குடிக்கிறேன், சரியாகிவிடும் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் நான் கூப்பிடுவேன். "வாரேன் வாரேன், அவ முடிக்கட்டும்" என்பார். இருமலுக்கு நடுவில் அந்த 'வாரேன்' ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வந்தது.

கடைசித் தேர்வன்று கல்லூரிக்கு வந்திருந்தார். வாசல் வேப்பமரத்தடி சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். மூன்று ஆண்டுகளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கோகிலா வெளியே வந்து எல்லாம் எழுதிவிட்டதாகச் சொன்னதும், அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, "முடிச்சுப்புட்டியா சாமி" என்றார். அதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு. அந்த வாரமே மலையில் மயங்கி விழுந்தார். ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். நுரையீரல் இரண்டும் கெட்டிருந்தன. தையிலேயே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

காரியம் முடிந்த பிறகு போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் எழுந்து போன பின், கோகிலா ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். இறப்பைத் தெரிவித்து ஆஸ்பத்திரி கொடுத்த தாள். இறந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோகிலா என்று இருந்தது.

"எனக்கு அதுல நம்பிக்கையே கெடையாதுங்க மேடம்" என்றாள். "அம்மாகிட்ட எத்தன சண்ட போட்டிருக்கறேன், உங்களுக்கே தெரியும். ஜன்னல்ல பேரு கேட்டாங்க. அம்மா ஸ்ட்ரெச்சர்ல மூச்சு விட முடியாமக் கெடக்கறாங்க. என் வாயில என் பேருதாங்க வந்துச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கேட்டுட்டாங்க. என் கையப் புடிச்சுக்கிட்டு, மாத்து சாமி, மாத்துன்னாங்க. அதுக்கப்புறம் வேற பேசவே இல்ல. அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. நான் மாத்தலீங்க."

படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்று கேட்பது என் சுபாவம். வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். தாய் தன் பெயரைக் கொடுத்து மகளைப் பல மழை தாண்ட வைத்தாள். மகள் தன் பெயரைக் கொடுத்தும் தாய் ஒரு வாரம் தாண்டவில்லை. எதற்காகவோ யாரையோ திட்ட வேண்டும் போல இருக்கிறது. திட்டுவதற்கு யாரும் கிடைக்கவில்லை.

தாளைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் கோகிலாவுக்குத் தேர்வு முடிவும் இல்லை, சான்றிதழும் இல்லை, பாவாயி அக்காவுக்கு இறப்பும் இல்லை. அதே நோட்டரியிடம் போனோம். இறந்தது என் தாய், நான் அல்ல என்று அவள் எழுதிக் கொடுத்தாள். மனு உள்ளே போயிருக்கிறது. திருத்தம் வரும் வரை அரசாங்கக் காகிதத்தில் இறந்து கிடப்பது அந்தப் பெண்தான். இன்னும் சில வாரங்களில் ஆனி முடிந்து ஆடிக் காற்று எழும். மலையில் குளிர் அப்போதே தொடங்கிவிடும்.

அவரை அறிந்த உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதைப் படித்துவந்தபோதே நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்தப் பெண்ணின் பெயர் கோகிலா அல்ல. எழுத உட்கார்ந்தபோது அவளுடைய சொந்தப் பெயரைத்தான் எழுதினேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. அடித்துவிட்டு, இந்த ஊரில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரைத் தேடிப் போட்டேன். பெயரில் என்ன இருக்கிறது என்று மலையேறிப் போய்க் கேட்டவள் நான். பாவாயி அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது இந்தப் பயம்தான். இதை நான் வைத்துக்கொள்கிறேன். உங்களில் பலருக்கு அவளுடைய பெயர் தெரியும். வெயில் வரும் வரை அதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள்.